கெராங் என்ற சொல்லுக்கு ஒரு வரி

கேமரன் மலையில் நூர்தீன் பாய் கடையின் பின்கட்டில் நீள மேசை ஒன்று உண்டு. அன்று சனிக்கிழமை காலை அங்கே ஆறு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கத்தில், சுவருக்கு முதுகு காட்டி, தலைவர் திருமாறன் சார். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலக்கைப் பக்கம், அச்சகத்துக்குப் போக வேண்டிய தாள்களோடு, செயலாளராகிய நான். எனக்கு எதிரே பக்கிரிசாமி அண்ணன். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அவருக்குப் பக்கத்து நாற்காலி நூர்தீன் பாயுடையது. கடையைப் பார்க்க அவர் எழுந்து எழுந்து போனதால் அது பாதி நேரம் காலியாகவே கிடந்தது. மேசையின் கடைசியில் ஜன்னலோரமாக தினேஸ்வரன், ஈப்போவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி மலையேறி வந்தவன். அவனுடைய அம்மா மாரியம்மா அக்கா மேசைக்கு வரவில்லை. கதவை ஒட்டி, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வந்து உக்காரு மாரி," என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"இங்கயே இருக்கேன். காத்து வருது."

"கேமரன்ல காத்து வேணும்னு கேட்ட ஒரே ஆளு நீதான்."

அக்கா சிரிக்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது போடும் ரப்பர் பூட்ஸ் அவர் காலிலேயே இருந்தது. மலைச்சரிவிலிருந்து நேராக வந்திருந்தார்.

நாங்கள் செய்து கொண்டிருந்தது ஒரு சொல் தொகுப்பு. தோட்டத்துத் தமிழில் கலந்துவிட்ட மலாய்ச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, அதன் கீழே இந்த மலையில் இருப்பவர் யாராவது எழுதிய ஒரு வரியை எடுத்துக்காட்டாகப் போடுவது. இதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எழுதியவரோ, அவர் வீட்டு ஆள் ஒருவரோ வந்து அந்த வரியை எல்லார் முன்னிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நான் தாளில் 'சரி' என்று போடுவேன். முன்பு கோயில் திருவிழா மலரில் ஒரு கும்மிப் பாட்டை யாரிடமும் கேட்காமல் அச்சடித்து, பாடிய வீட்டார் திருவிழாவன்றே பந்தலில் வந்து சண்டை போட்டதிலிருந்து சார் வைத்த முறை அது.

எல்லாச் சொல்லும் முடிந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. திங்கட்கிழமை அச்சு ஓட்டப் போவதாக ஈப்போ அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாள்கள் அதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"கெராங்குக்கு என்ன பொருள் எழுதியிருக்க புவனேஸ், படி," என்றார் சார்.

படித்தேன். "கெராங். சேற்றுக் கடலோரத்தில் கிடைப்பது. ஓட்டோடு அவித்து உண்ணப்படும் சிப்பி வகை."

"சிப்பின்னு போடாதம்மா." பாய் தோளில் துண்டோடு வாசலில் நின்று சொன்னார். "சிப்பின்னா படிக்கிறவன் முத்து தேடுவான். கெராங்ல ஏது முத்து? ஓட்டைப் பிளந்தா ரத்தமாட்டம் தண்ணிதான் வரும்."

"சிப்பி பாட்டுக்குப் போவும். கெராங் சம்பால் சட்டிக்குப் போவும் லா," என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

சாரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் படிச்ச வரைக்கும் நம்ம பாட்டுல சிப்பி வந்தா மழைத்துளி விழும், முத்து விளையும், பொண்ணோட பல்லு வரும், கண்ணு வரும். தின்கிற பொருளா, அடுப்புல ஏத்தற பொருளா அதைப் பாட்டுக்குள்ள கொண்டு வந்தவன் நம்ம சிவசாமி. அதுவும் சிப்பின்னு எழுதல. வீட்டுல சொல்ற மாதிரியே கெராங்னு எழுதினான். அதனாலதான் இந்தச் சொல்லுக்கு இந்த வரிதான் வேணும்னு நிக்கிறேன்."

சிவசாமி அண்ணன் மாரியம்மா அக்காவின் கணவர். தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். பிறகு அந்த வேலை போய், களைக்கொல்லி மருந்து அடிக்கும் கும்பலில் கடைசிவரை இருந்தார். இறந்து மூன்று வருடமாகிறது. லோரியில் உட்கார்ந்தே நிறையப் பாட்டு எழுதினார் என்பார்கள். எதையும் எடுத்து வைக்கத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் பையிலேயே வைத்திருந்தான் தினேஸ்வரன்.

அதில் எங்களுக்கு வேண்டியது இரண்டு வரி:

கொதிநீரிலும் வாய் திறக்காத கெராங் ஒன்று
என் அடுப்படியில் இருக்கிறது.

"சொல்லுப்பா தினேஸ்," என்றார் சார்.

அவன் எழுந்து நின்றான். சட்டையைச் சரி செய்துகொண்டான். இதற்காகவே வந்தவன். புத்தகம் வந்ததும் பத்துப் பிரதி வேண்டுமென்று முதல் நாளே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

"அதைப் போட வேணாம் சார்."

கதவுப் பக்கமிருந்து வந்த குரலை முதலில் யாரும் அக்காவின் குரலென்று எடுத்துக்கொள்ளவில்லை. பாய்கூடத் திரும்பிக் கடைக்குள் பார்த்தார்.

"என்னம்மா?" என்றான் தினேஸ்வரன்.

"போட வேணாம். வேற எதாச்சும் போடச் சொல்லு."

சார் நிதானமாகப் பேசினார். "மாரியம்மா, அது உங்க வீட்டுக்காரருக்கு நாங்க செய்யிற மரியாதை. பொறுமைக்கு அதைவிட நல்ல உவமை கிடைக்காது. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் கலங்காம, வாய் விட்டு ஒண்ணும் சொல்லாம..."

பக்கிரிசாமி அண்ணன் தே தாரிக் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தாளைப் பார்த்தேன். அவித்தும் திறக்காத கெராங்கை என்ன செய்வார்கள் என்று மலையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். உள்ளே செத்துப் போயிருக்கும். இல்லாவிட்டால் சேறு நிறைந்திருக்கும். சட்டியைக் கெடுத்துவிடுமென்று பொறுக்கித் தூக்கிப் போடுவார்கள். சாருக்கும் தெரியாமல் இல்லை. அவர் நண்பனைக் காப்பாற்றப் பார்த்தார்.

அந்தப் பாட்டு பத்திரிகையில் வந்த வாரமே கொழுந்து நிறுக்கும் இடத்தில் அக்காவுக்கு அதுதான் பேராயிற்று. 'கெராங் கூடை வந்துருச்சு, நிறு.' 'கெராங்கக்காவைக் கேளு, பதில் வரும்.' வருடக்கணக்காக அப்படித்தான். புதிதாக வந்த வங்காளதேசத்து ஆட்கள் அவருடைய உண்மையான பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

"ஏன் வேணாம்னு சொல்லும்மா," என்றான் தினேஸ்வரன்.

"வேணாம்னா வேணாம்."

"அப்பா எழுதினதுல மிச்சம் இது ஒண்ணுதான். ஒரு புஸ்தகத்துல அவரு பேரு வரப் போவுது. அதை நீ வேணாம்ங்கிற. சரி. ஏன்?"

அக்கா ஒரு காலால் இன்னொரு பூட்ஸின் மண்ணைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார்? எப்பவும் இதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப இருந்து இதான். அப்பாவை ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சப்பவும் இதேதான் பண்ணுச்சாம். துரை கேட்டாராம், கணக்குக் கிராணி கேட்டாராம். நின்னுச்சாம், அவ்ளோதான். ஒரு வார்த்தை சொல்லிருந்தா அப்பா லோரியை விட்டு எறங்கியிருக்க மாட்டாரு. ஆஸ்பத்திரில கடைசியாப் படுத்திருந்தப்பகூட அதைத்தான் என்கிட்ட சொன்னாரு." அவன் குரல் உயரவில்லை. அதுதான் கேட்பதற்குச் சங்கடமாக இருந்தது. "அவரு எழுதினது சரிதான்."

"டே," என்றார் பக்கிரிசாமி அண்ணன். "தெரியாததைப் பேசாத."

"அப்பத் தெரிஞ்ச நீங்க சொல்லுங்க மாமா. நீங்களும்தானே அங்க இருந்தீங்க."

பக்கிரிசாமி அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"அண்ணே," என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்தான். அண்ணன் நிறுத்திக்கொண்டார். அக்கா எழுந்து, பாத்திரம் கழுவும் பக்கமாகப் பின்வாசல் வழியே போனார். தினேஸ்வரன் உறையை மேசைமேல் வைத்துவிட்டு முன்வாசல் வழியே போய்விட்டான். அவனுடைய காரை, எங்கள் பேச்சில் கெரெத்தாவை, எதிரே தேயிலைச் சரிவின் ஓரமாக நிறுத்தியிருந்தான். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். கதவைத் திறந்தான். ஆனால் ஏறவில்லை.

"கிளம்பிருவான் போல," என்றார் பாய்.

"என்ன பக்கிரி, என்ன நடந்துச்சு?" என்று சார் கேட்டார். "எனக்குச் சிவசாமி சொன்னது மட்டும்தான் தெரியும். லோரி தானா உருண்டுச்சு, இவ சாட்சி சொல்லலைன்னு."

பக்கிரிசாமி அண்ணன் பின்வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"தானா எப்படி சார் உருளும்? சாயங்காலம் கடைசி நடைக்குக் கொழுந்து ஏத்துற நேரம். சிவசாமி குடிச்சிருந்தான். மேட்டுல நிறுத்திட்டு பிரேக்கை இழுக்காம எறங்கிட்டான். லோரி பின்னால உருண்டு, மூட்டை தூக்கிட்டு இருந்த நேப்பாளிக்காரன் கால் மேல ஏறிருச்சு. சிவசாமி ஓடிட்டான், வீட்டுக்கு. மறுநா விசாரணையில அடிச்சுச் சொல்றான், 'நான் அப்போவே எறங்கி வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு இருந்தேன், பிரேக்கை எடுத்துவிட்டது அந்த நேப்பாளிதான், என் சம்சாரத்தைக் கேளுங்க'ன்னு. நாங்க கீழ நிறுவையில இருந்தோம், யாரும் கண்ணால பாக்கல, அந்த நேப்பாளி சொல்றது ஒண்ணுதான். அதனால மாரியைக் கூப்பிட்டாங்க."

"ஆமான்னு சொல்லிருந்தா?" என்றார் சார்.

"ஆமான்னு சொல்லிருந்தா அந்த நேப்பாளி தலையில விழும். அவன் தப்புன்னு எழுதி, ஒடிஞ்ச காலோடயே ஊருக்கு ஏத்தி விட்ருப்பாங்க. இல்லைன்னு சொல்லிருந்தா சிவசாமி போலீஸுக்குப் போவணும். இந்தப் பய அப்பத்தான் ஸ்கூலு போயிட்டு இருந்தான். துரை திரும்பத் திரும்பக் கேட்டாரு. நான் பக்கத்துல நிக்கிறேன். அவ வேர்த்துக் கொட்டி நிக்கிறா, அந்தக் குளிர்ல. வாயே திறக்கல. துரைக்குப் புரிஞ்சு போச்சு. போலீஸுன்னு போவாம லோரியை மட்டும் புடுங்கிக்கிட்டாரு. அந்த நேப்பாளிக்கு ஆஸ்பத்திரி பாத்து, நொண்டுனாலும் பேக்டரியில வேலை போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. சிவசாமிக்கு மட்டும் அது தப்பிச்சதாவே தெரியல. பொண்டாட்டியே எனக்கு எதிரா நின்னுட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அப்புறம் ஒரு நாள் பேப்பர்ல பாட்டு வருது."

சார் தாளை என் பக்கமிருந்து இழுத்து அந்த இரண்டு வரியையும் பார்த்தார்.

"பையன்கிட்ட சொல்லிற வேண்டியதுதானே இதை?"

"யாரு சொல்றது? சொன்னா அவனுக்கு அப்பன் இல்லாமப் போயிருவான். சொல்லலைன்னா..." அண்ணன் கையை விரித்தார்.

"இடம் பத்தலைன்னு சொல்லி நம்மளே வரியை எடுத்துருவோம். நான் பழி ஏத்துக்கறேன்," என்றார் சார்.

"அவன் நம்புவானா சார்?" என்றார் பாய். "அம்மாதான் கெடுத்துட்டாங்கன்னுட்டுப் போவான். ஏற்கனவே தீபாவளிக்கு வந்தா ஒரு ராத்திரி தங்குறதில்ல. இதுக்கப்புறம் மலையேறுவான்னு எனக்குத் தோணல."

போட்டால் அக்கா பெயர் கெடும். எடுத்தால் மகன் போய்விடுவான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். செயலாளர் என்ற முறையில் எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

"அங்க பாரு," என்றார் பாய் மெதுவாக.

மழை தூறத் தொடங்கியிருந்தது. அக்கா கடையைச் சுற்றிக்கொண்டு போய் சாலையைக் கடந்து கெரெத்தாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலையில் துண்டு போட்டிருந்தார். தினேஸ்வரன் திறந்த கதவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவரைப் பார்க்காமல், சரிவைப் பார்த்து நின்றான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துப் பேசினார்.

அவர் பேசுகிறார் என்பதை வாயசைவில்தான் தெரிந்துகொண்டோம். பாய் போய்க் கடை ரேடியோவை நிறுத்தினார். நிறுத்தினாலும் சாலைக்கு அப்பாலிருந்து என்ன கேட்கப் போகிறது, ஆனாலும் நிறுத்தினார். கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் ஏனென்று திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் அவன் ஏதோ குறுக்கே கேட்டான். அக்கா பதில் சொன்னார். பிறகு அவன் கேட்கவில்லை. கொழுந்து லோரி ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. அக்கா பேச்சை நிறுத்தி, அது கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றார். லோரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தன் காலில், முட்டிக்குக் கீழே, கையை வைத்து ஒரு இடத்தைக் காட்டினார். தினேஸ்வரன் கதவிலிருந்து கையை எடுத்தான். மெதுவாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். கால் இரண்டும் வெளியே, சேற்றில் இருந்தன. அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் அத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"சொல்லிட்டா," என்றார் பக்கிரிசாமி அண்ணன். அவர் முகத்தில் நிம்மதி எதுவும் இல்லை.

அக்கா முடித்துவிட்டார் போலிருந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள். அவன் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து நின்றார்.

அக்காதான் முதலில் திரும்பி வந்தார். கதவருகே வந்து துண்டைப் பிழிந்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து தினேஸ்வரன் வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. உட்காரவில்லை.

"எடுத்துருங்க சார்," என்றான்.

"எதைப்பா?"

"அந்த வரியை. வேற யாரோடதாச்சும் போட்டுக்குங்க. இல்ல, அந்தச் சொல்லே வேணாம்."

சார் அக்காவைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார்," என்றார் அக்கா.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தினேஸ்வரனுக்கும்தான். "நீதானேம்மா வேணாம்ன?"

"ஆமா, சொன்னேன்."

"அந்த ஆளு உன்னை ஊர் பூரா..."

"அந்த ஆளு இல்ல. அப்பா."

அவன் கண் கலங்கவில்லை. கோபம் வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவரு பண்ணது தப்புதான். நான் இல்லைங்கல," என்றார் அக்கா. அவன் பக்கம் திரும்பாமல், சாரிடம் சொல்வது போலவே சொன்னார். "லோரி போச்சு. அதுக்கப்புறம் அந்த மருந்துதான் அடிச்சாரு, கடைசிவரைக்கும். இதை எழுதினதோட எழுதறதையும் விட்டுட்டாரு. இருக்கிறது இது ஒண்ணு. இதையும் புடுங்கணுமா?"

"உன்னைத்தானேம்மா எழுதிருக்காரு," என்றான் அவன்.

"எழுதட்டும். ஊரு சொல்றது எனக்குப் பழகிப் போச்சு. நீ சொல்லக்கூடாது, அவ்ளோதான்."

வெளியே கடையில் யாரோ காசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். பாய் போகவில்லை.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போடறதுன்னா, மாரியம்மா, நம்ம முறை ஒண்ணு இருக்கு. வீட்டு ஆள் ஒருத்தர் சொல்லணும். தினேஸ்தான்..."

"நான் சொல்ல மாட்டேன்," என்றான் தினேஸ்வரன்.

அவன் சொன்ன விதத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. முறையை ஒரு நாளைக்குத் தள்ளி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சாரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா மேசைக்கு வந்தார். பூட்ஸ் சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் வைத்தது. பாயின் காலி நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

"கொதிநீரிலயும் வாய் திறக்காத கெராங் ஒண்ணு," என்றார். "என் அடுப்படியில இருக்கு."

ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. நிறுவையில் நின்று கூடையின் எடையைச் சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லி முடித்த பிறகும் நாற்காலியை விடவில்லை.

'ஒன்று', 'இருக்கிறது' என்று திருத்துவதற்கு சாரின் கை பாதிவரை எழுந்தது. இறக்கிக்கொண்டார். பக்கிரிசாமி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியாச் சொல்லிட்டா," என்றார், யாரும் கேட்காமலே.

நான் பேனாவைத் திறந்து 'சரி' என்று போட்டேன்.

"இது யாரைப் பத்தின்னு போடுவியா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"இல்லக்கா. எழுதினவர் பேரு மட்டும்தான்."

"தோட்டத்துப் பேரையும் சேத்துப் போடு. பேப்பர்ல வெறும் கேமரன்னு போட்டதுக்கு அன்னிக்கு வருத்தப்பட்டாரு."

சேர்த்து எழுதினேன். பொருள் விளக்கத்தில் 'சிப்பி வகை' என்பதை சார் அடித்துவிட்டு, 'முத்து இராது. உணவுக்கு மட்டும் ஆவது' என்று எழுதச் சொன்னார். இசைவுத் தாளில் 'மனைவி' என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு நேரே அக்கா கையெழுத்திட்டார். மகனுக்கும் ஓர் இடம் இருந்தது. தினேஸ்வரன் வரவில்லை. ஒருவர் கையெழுத்தே போதும் என்று சார் சொன்னார். அச்சகத்தாருக்கு நான் எழுதிய கடிதம் இது:

'ஐயா, விடுபட்டிருந்த கடைசிச் சொல் இத்துடன். பொருளில் ஒரு திருத்தம் உள்ளது, கவனிக்கவும். எடுத்துக்காட்டு வரியில் எதையும் மாற்ற வேண்டாம். எழுதியவர் பெயரோடு தோட்டத்தின் பெயரும் வர வேண்டும். வீட்டார் இசைவு பெறப்பட்டது. செயலாளர், ந. புவனேஸ்.'

சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தபால் அலுவலகம் சாத்தியிருப்பார்கள் என்று தெரிந்தது. பேச்சு அவ்வளவு இழுத்துவிட்டது. திங்கட்கிழமை அனுப்பினால் அச்சு ஓடிவிடும்.

"கம்போங் ராஜாவிலேர்ந்து சாயந்தரம் காய்கறி லோரி எறங்கும். எனக்குத் தெரிஞ்ச டிரைவர்தான், குடுத்து விடறேன்," என்றார் பாய். எல்லாரும் ஈப்போவுக்குத் திரும்பிப் போகிறவன் ஒருவன் அறைக்குள்ளேயே நிற்பதை நினைத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

"அவன் போற வழிதானே," என்றார் அக்கா. "அவன்கிட்ட குடு."

நான் சாரைப் பார்த்தேன். அந்த உறை மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் ஜன்னல் வழியே போய்விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அச்சகத்துக்கு வந்து சேரவில்லை என்று சொன்னால் முடிந்தது. அதை அவனும் யோசித்திருப்பான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"குடுங்கக்கா," என்றான் என்னிடம். கையை நீட்டினான்.

தாள்களை அடுக்கி, கடிதத்தை மேலே வைத்து, பழுப்பு உறைக்குள் போட்டேன். பசை தடவி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். முகவரியை ஒருமுறை சரி பார்த்து அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கி ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"டேப் இருந்தா அது மேலயும் ஒட்டிக் குடுங்க. நல்லா ஒட்டுங்க."

பாய் பெட்டி கட்டும் டேப்பை எடுத்து வந்தார். நான் உறையின் மேலும் கீழும் குறுக்கிலும் ஒட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். போதும் என்று அவன் சொல்லும்வரை ஒட்டினேன். பிறகு அவன் அதைச் சட்டைக்குள், நனையாமல் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தான். அக்கா கடைவாசல்வரை போனார். அவன் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கெரெத்தா சரிவில் இறங்கிப் போனது.